வாயைத் திறந்தாலே பாடம்: புது ஆங்கில ஆசிரியரின் முதல் நாள்

புதிதாக வேலையில் சேரும் எந்த ஆசிரியருக்கும் முதல் நாள் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் ஆங்கிலம் எடுக்க வருபவரின் கலக்கம் வேறு ரகம். கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் தப்பு விட்டால் அந்தத் தப்பு அந்தக் கணக்கோடு போயிற்று. டஸ்டரால் அழித்துவிட்டுத் திருத்திப் போடுவார். ஆங்கில ஆசிரியருக்கு வாயைத் திறப்பதே பாடம். "சிட் டவுன்" என்பதில் தொடங்கி அவர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் கற்பிக்கும் கருவியாகிறது, கற்பிக்கும் பொருளாகிறது, கூடவே அவருடைய தகுதிக்குச் சாட்சியாகவும் நிற்கிறது. மூன்றாவதுதான் தொல்லை. புது ஆங்கில ஆசிரியரின் பயம் பிள்ளைகளைப் பற்றியது என்று நாம் நினைத்துக்கொண்டு ஆறுதல் சொல்கிறோம். அவர் பயப்படுவதோ பிள்ளைகள் காதில் விழப்போகும் தன் ஆங்கிலத்துக்கு. நோயை மாற்றிப் புரிந்துகொண்டதால் மருந்தும் மாறிப்போய்விட்டது என்பது என் கட்சி. ஆய்வுகளும் நம் பள்ளி நடைமுறையும் இதற்கு எந்த அளவு இடம் கொடுக்கின்றன என்று பார்க்கலாம்.

பொதுவாக ஆசிரியரின் ஆரம்பகாலப் பயத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் ஃபுல்லர் 1969இல் வெளியிட்ட கட்டுரை இன்றைக்கும் பேசப்படுகிறது. புதியவரின் கவலை முதலில் தன்னைச் சுற்றியே இருக்கும்: வகுப்பு அடங்குமா, என்னைப் பிடிக்குமா, மேலே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? மாணவன் என்ன கற்கிறான் என்ற கவலை பிற்பாடுதான் வரும் என்றார் அவர். நெதர்லாந்தைச் சேர்ந்த சைமன் வீன்மன் 1984இல் பல நாடுகளில் நடந்த 83 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். புது ஆசிரியர்களின் சிக்கல்களில் வகுப்பைக் கட்டுக்குள் வைப்பது முதலிடம் பிடித்தது; மாணவர்களுக்கு ஆர்வமூட்டுவது அடுத்து வந்தது. தன் பாடமே தனக்குச் சரியாகத் தெரியுமா என்ற சந்தேகம் முன்வரிசைக்கு வரவில்லை. எல்லாப் பாட ஆசிரியர்களையும் சேர்த்துப் பார்த்தால் அப்படித்தான் வரும்.

மொழி ஆசிரியரை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தவர் எலைன் ஹார்விட்ஸ். அவரும் இரு சக ஆய்வாளர்களும் 1986இல், அந்நிய மொழி வகுப்பில் மாணவருக்கு ஏற்படும் பதற்றத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். அது மாணவரைப் பற்றியது. பத்தாண்டு கழித்து, 1996இல், ஹார்விட்ஸ் மேசைக்கு மறுபக்கம் திரும்பினார். அந்நிய மொழி கற்பிப்பவர்களில் பெரும்பாலோர் அந்த மொழியை இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர்களே. மாணவப் பருவத்துப் பதற்றம் பட்டம் வாங்கிய அன்று கழன்று விழுந்துவிடுவதில்லை. அப்படிப்பட்ட ஆசிரியர், அந்த மொழியில் சரளமாகப் பேசவேண்டி வரும் வேலைகளைத் தன்னை அறியாமலே தவிர்க்கிறார் என்று அவர் எழுதினார்.

நம் வகுப்பறைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. ஆக்டிவ் வாய்ஸைப் பேசிவ் வாய்ஸாக மாற்றச் சொல்லும் பயிற்சி நம் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஏன் அவ்வளவு பிரியம்? பரீட்சையில் வருகிறது என்பது ஒரு காரணம். அதற்கு ஒரே விடைதான் உண்டு, அந்த விடை கைடில் இருக்கிறது, ஆசிரியர் எதிர்பாராத வாக்கியம் எதையும் சொல்லவேண்டி வராது என்பது இன்னொரு காரணம். வினா விடையைப் பலகையில் எழுதிப்போட்டு நகல் எடுக்கச் சொல்வதும் அப்படித்தான். சோம்பேறித்தனம் என்று திட்டுகிறோம். பாதி இடங்களில் அது ஒளிந்துகொள்வது.

நடுக்கம் எந்த நொடியில் பிடிக்கிறது என்று கிட்டப்போய்ப் பார்ப்போம். ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம், இரண்டாவது பீரியடு. கரும்பலகை மூலையில் பதிவு 38, வருகை 34 என்று வகுப்புத் தலைவன் எழுதிவைத்திருக்கிறான். டீச்சர் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து "குட்... மார்...னிங்... மிஸ்" என்று ராகம் இழுக்கிறார்கள். வருகைப் பதிவேடு நல்ல துணை. ஐந்து நிமிடம் பெயர் கூப்பிடலாம், சொந்தமாக ஒரு வாக்கியமும் அமைக்கவேண்டாம். பதிவேட்டை மூடியதும்தான் பள்ளம். முந்தின இரவு மனப்பாடம் செய்துவந்த அறிமுகம் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோகிறது. பலகைப் பக்கம் திரும்பி 'பிகினிங்' என்று எழுத ஆரம்பிக்கிறார். நடுவில் வரும் 'என்' ஒன்றா, இரண்டா? சாக்பீஸ் ஒரு நொடி நிற்கிறது. பி.ஏ. ஆங்கிலம் படித்தவர், வீட்டில் காகிதத்தில் எழுதினால் தானாக வந்து விழும் எழுத்து அது. முதுகுக்குப் பின்னால் 34 பேர் உட்கார்ந்திருக்கும்போது வரமாட்டேன் என்கிறது. திரும்பி ஆங்கிலத்தில் ஏதோ விளக்கம் சொல்கிறார். இரண்டாவது பெஞ்சிலிருந்து, "மிஸ், தமிழ்ல சொல்லுங்க மிஸ்." சொல்லலாமா? தலைமை ஆசிரியர் வராண்டாவில் நடந்துகொண்டிருக்கிறார். "அண்டர்ஸ்டுட்?" என்று கேட்டுவைக்கிறார். "யெஸ் மிஸ்!" என்று வகுப்பு முழுவதும் கத்துகிறது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

இந்தக் காட்சியில் பிள்ளைகள் எந்தக் குறும்பும் செய்யவில்லை. பயமுறுத்துவது அந்த ஒற்றை 'என்'.

அந்தப் பயம் எங்கே விளைந்தது என்று கேட்டால் ஆசிரியரின் சொந்தப் பள்ளி நாட்களுக்குப் போகவேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975இல் சொன்ன கருத்து ஒன்று உண்டு. ஆசிரியராக வருபவர் அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆசிரியர்களைப் பெஞ்சில் இருந்தபடி பார்த்தவர். பயிற்சிக் கல்லூரி சொல்லித்தருவதைவிட அங்கே பார்த்ததுதான் அவர் உடம்பில் ஊறியிருக்கும். நம் ஊரில் ஒரு சராசரி மாணவி ஆங்கில வகுப்பில் என்ன பார்த்தாள்? ஸ்பெல்லிங் தப்பினால் இம்போசிஷன். மெமரி போயம் ஒப்பிக்கையில் ஒரு வரி விட்டால் பெஞ்ச் மேல் நிற்பது. 'இஸ்கூல்' என்று சொன்ன பையனைச் சேர்ந்து சிரிப்பது. ஆங்கிலத்தில் தப்பு என்பது தெரியாமை மட்டுமில்லை, மானக்கேடு என்று கற்றுக்கொண்டாள். பத்து வருடம் கழித்து அவள் கையில் சாக்பீஸ் வந்திருக்கிறது. அன்று சிரித்த வகுப்பு இன்று எதிரே உட்கார்ந்திருக்கிறது, முகங்கள்தான் வேறு.

பி.எட். படிப்பு இதைச் சரிசெய்ய வேண்டியது. 2015 முதல் அது இரண்டு ஆண்டுப் படிப்பு. பள்ளிக்குப் போய்க் கற்பிக்கும் பயிற்சிக்கும் முன்பைவிடக் கூடுதல் வாரங்கள் கிடைத்தன. நல்ல மாற்றம்தான். ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் நிகழ்ச்சி. சார்ட் ஒட்டி, ஃபிளாஷ் கார்டு தயாரித்து, லெசன் பிளானில் நிமிடவாரியாகக் கட்டம் போட்டு, கடைசி பெஞ்சில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருக்கும் பேராசிரியருக்காக ஒரு பாடம். பழகுவது பிள்ளையோடு பேச இல்லை, நீதிபதி முன் பேச. வேலை கிடைத்து உண்மையான வகுப்புக்குப் போனபிறகும் கடைசி பெஞ்சில் அந்த நீதிபதி உட்கார்ந்தே இருக்கிறார்.

ஸ்டாஃப் ரூம் வேறு தன் பங்குக்குச் சேர்க்கும். 'இங்கிலீஷ் டீச்சர்தானே' என்று சொல்லித்தான் எல்லாம் தொடங்கும். வங்கிக்கு ஒரு கடிதம், பையனின் கல்லூரி விண்ணப்பம், வட்டாரப் போட்டிக்கான சான்றிதழ் வாசகம், வெளியிலிருந்து யாராவது பார்வையிட வந்தால் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை. கணக்கு ஆசிரியரிடம் யாரும் சீட்டுக் கணக்குப் பார்க்கச் சொல்வதில்லை. ஆங்கில ஆசிரியர் மட்டும் பள்ளி முழுமைக்கும் அகராதியாகவும் மைக் பிடிப்பவராகவும் நியமனம் ஆகிவிடுகிறார். வகுப்புக்குள் போகுமுன்பே அவர் ஒருமுறை பரீட்சை எழுதியாயிற்று.

ஹங்கேரியைச் சேர்ந்த பீட்டர் மெட்யெஷ் 1983லேயே இந்த இரட்டை நிலையை எழுதினார். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஆங்கில ஆசிரியர் ஒரே நேரத்தில் ஆசிரியராகவும் மாணவராகவும் பிளவுபட்டு நிற்கிறார் என்றார். 1994இல் வந்த அவருடைய புத்தகம் நாணயத்தின் அடுத்த பக்கத்தைக் காட்டியது. இப்படிப்பட்டவர் அந்த மொழியைத் தானே தட்டுத்தடுமாறிக் கற்றவர் என்பதால், எங்கே தடுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தவர். இது வெறும் ஆறுதல் இல்லை. தமிழில் ககரமானாலும் பகரமானாலும் அதிரும் ஒலிக்கும் அதிராத ஒலிக்கும் ஒற்றை எழுத்துதான். ஆங்கிலத்தில் ஒலிப்பு மாறினால் பொருளே மாறும். ஃபகரம் வாயில் பகரமாக விழும். சொல்லின் முதலில் ஸகர மெய்யோடு இன்னொரு மெய் சேர்ந்து வந்தால் முன்னால் ஓர் இகரம் வந்து ஒட்டிக்கொள்ளும். லண்டனில் பிறந்தவருக்கு இதெல்லாம் வேடிக்கையாகத் தெரியும். உசிலம்பட்டியில் பிறந்த ஆசிரியைக்கு இதன் காரணமும் தெரியும், தான் அதை எப்படித் தாண்டிவந்தோம் என்பதும் தெரியும்.

இலங்கையரான ஜார்ஜ் பிரெய்ன் போன்றவர்களின் முயற்சியால் 1990களின் கடைசியில், தாய்மொழி ஆங்கிலமல்லாத ஆசிரியர்களுக்கென்று உலக அளவில் ஒரு தனிக் குரலே கிளம்பியது. அதற்குச் சற்று முன், 1992இல், மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் ஒரு விசாரணையே நடத்தியிருந்தார். ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்கவேண்டும், தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர், சீக்கிரம் தொடங்குவது நல்லது, அதிகம் கற்பிப்பது நல்லது, வேறு மொழிகள் புழங்கினால் ஆங்கிலத் தரம் குறையும் என்ற ஐந்து நம்பிக்கைகளை 1961இல் உகாண்டாவின் மக்கெரெரேயில் நடந்த காமன்வெல்த் மாநாடு வரை தடம் பிடித்துப் போய், ஐந்தும் பிழை என்று வாதிட்டார். நம் புது ஆசிரியைக்கு மக்கெரெரே எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் "வகுப்பில் தமிழே வரக்கூடாது" என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தவரின் வாய்வழியாக அந்த மாநாட்டின் முதல் நம்பிக்கை அவர் தலையில் வந்து இறங்கியிருக்கிறது.

முதல் நாள் நடுக்கத்துக்குப் பெரிய குற்றவாளி இந்த விதிதான் என்பேன். தன் பலமான மொழியை வாசலில் கழற்றிவைத்துவிட்டு, பலவீனமான மொழியோடு முன்பின் தெரியாத 34 பேர் முன் போய் நில் என்கிறது அது. ஆசிரியர் ஒன்று வாயடைத்துப்போகிறார், அல்லது மனப்பாடத்துக்குள் புகுந்துகொள்கிறார். எதிர்வாதத்தையும் சொல்லிவிடவேண்டும், அது லேசானதல்ல. தேசியக் கலைத்திட்டத்தை ஒட்டி 2006இல் வந்த ஆங்கிலக் கல்வி நிலை அறிக்கை, ஆர். அமிர்தவல்லி தலைமையில் தயாரானது. ஆசிரியரின் ஆங்கிலத் திறன் எவ்வளவு, பள்ளிக்கு வெளியே பிள்ளைகள் காதில் எவ்வளவு ஆங்கிலம் விழுகிறது என்ற இரண்டையும் வைத்து நம் பள்ளிகளை அது பார்த்தது. இரண்டுமே குறைவாக உள்ள ஊரில் பிள்ளைக்கு ஆங்கிலம் கேட்கும் ஒரே இடம் அந்த 40 நிமிட வகுப்பு. அதையும் தமிழால் நிரப்பிவிட்டால் பிறகு எங்கே போய்க் கேட்பது? சரியான கேள்வி. அதனால் தமிழ் எவ்வளவு, எப்போது என்று கணக்குப் பார்க்கலாம். முதல் வாரத்தில் தாராளமாக இருக்கட்டும். பெயர், ஊர், வகுப்பு ஒழுங்கு, யாருக்கு எது பயம் என்பதையெல்லாம் தமிழில் பேசி முடித்துவிடட்டும். பேசிப் பழகிய பிள்ளைகளிடம் ஆங்கிலம் பேசக் கூச்சம் குறைவு. இரு தரப்புக்கும்தான்.

பயந்த ஆசிரியர் கையில் எந்த முறையைக் கொடுப்பது என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. சென்னை மாநிலத்தில் 1950களின் இறுதியில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஒரு பெரிய பயிற்சி இயக்கம் தொடங்கியது. தொடக்க நிலையில் ஆங்கிலம் எடுக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களைத் திருத்தி எடுப்பது நோக்கம். சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பலருக்குக் கொடுத்து, உருள உருளப் பெருக்கும் பனிப்பந்து என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சென்னையில் பனிப்பந்து! கைமாறக் கைமாறக் கரைந்துபோகும் என்று நம் வெயில் தெரிந்தவர் எவரும் சொல்லியிருப்பார். அன்று பரப்பியது வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பலமுறை சொல்லவைக்கும் முறை. அச்சத்துக்கு அது ஒருவிதக் கைத்தடியாக உதவியது என்பதை மறுக்கமுடியாது. அடுத்து என்ன வாக்கியம் என்று ஆசிரியர் யோசிக்கவேண்டியதில்லை. வாக்கியங்கள் தீர்ந்ததும் பேச ஒன்றுமில்லாமல் போகும் என்பதுதான் கோளாறு.

ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டம் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் போனது. பெங்களூரிலும் சென்னையிலும் கடலூரிலும் சாதாரணப் பள்ளிகளில், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்து, தீர்க்கவேண்டிய சிறு சிக்கல்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். ஆசிரியர் முதலில் வகுப்போடு சேர்ந்து ஒன்றைக் கேள்வி பதிலாகத் தீர்ப்பார். அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தாங்களே செய்வார்கள். மொழி கற்பதைப் பற்றிய கோட்பாடாகவே இதைப் படிக்கிறோம். புது ஆசிரியரின் முதல் நாளுக்கு இது கொடுக்கும் வசதியை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. வண்டி எத்தனை மணிக்குக் காட்பாடிக்கு வரும் என்று கேட்கும்போது எல்லார் கண்ணும் அட்டவணையில் இருக்கும், டீச்சர் வாயில் இருக்காது. ஒற்றை 'என்' பயம் அங்கே மங்கிவிடுகிறது. எல்லாருக்கும் பொருந்தும் ஒரே சிறந்த முறை என்று எதுவும் கிடையாது, ஆசிரியருக்குத் தன் வகுப்பில் எது எடுபடும் என்ற சொந்த உணர்வு உயிரோடு இருக்கிறதா என்பதே முக்கியம் என்று 1990இல் பிரபு எழுதினார். பயந்துபோன ஆசிரியருக்கு அந்த உணர்வு வேலை செய்யாது. அதனால்தான் நடுக்கம் ஆளின் சொந்தப் பிரச்சினையாக நின்றுவிடுவதில்லை.

இனி புழக்கத்தில் உள்ள அறிவுரைகளுக்கு வருவோம். முதலாவது, "முதல் நாளே இளகிட்டா தலைமேல ஏறிடுவாங்க." அமெரிக்காவிலும் இதே கதைதான், கிறிஸ்துமஸ் வரை சிரிக்காதே என்ற பழமொழியைத் தலைப்பாக்கி, முதலாண்டு ஆசிரியர்களின் அனுபவத் தொகுப்பு ஒன்று 1970இல் வந்தது. முறைப்பு, குறைந்த வார்த்தைகளில் காலம் தள்ள உதவும். ஆங்கிலம் பேசப் பயப்படும் ஆசிரியருக்கும் வகுப்புக்கும் நடுவில் அது இன்னொரு சுவரை எழுப்பும்.

இரண்டாவது, முதல் பார்வையிலேயே எல்லாம் முடிவாகிவிடும் என்பது. இதற்கு உளவியலாளர்கள் நளினி அம்பாடியும் ராபர்ட் ரோசன்தாலும் 1993இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள். ஹார்வர்டில் 13 இளம் ஆசிரியர்களின் ஒலியில்லாத, மொத்தம் அரை நிமிடமே வரும் வீடியோத் துண்டுகளைப் பார்த்த அந்நியர்கள் கொடுத்த மதிப்பீடு, பருவ முடிவில் சொந்த மாணவர்கள் கொடுத்த மதிப்பீட்டோடு பெருமளவு ஒத்துப்போயிற்று. படித்தால் பயம் கூடத்தான் செய்யும். ஆனால் அவை முதல் நாள் வகுப்பின் படங்கள் இல்லை. ஒலியும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இலக்கணமோ உச்சரிப்போ அந்த மதிப்பீட்டில் நுழையவே வழியில்லை. நம் ஆசிரியை எதைப் பற்றி இரவெல்லாம் விழித்திருந்தாரோ, அது இல்லாமலே அவரைப் பற்றிய தோற்றம் உருவாகிறது.

பதற்றம் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது என்ற நினைப்பும் பாதி பிரமை. சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இருவர் 2003இல் மேடைப் பேச்சை வைத்துச் சோதித்தார்கள். பேசுபவர் தன் நடுக்கம் தெரிந்துவிட்டதாக நினைக்கும் அளவுக்குக் கேட்பவருக்குத் தெரிவதில்லை. இதை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தால் பேச்சும் மேம்பட்டது. கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கொஞ்சம் கூடவே கூர்மையானவர்கள் என்று கழித்துக்கொண்டு படிக்கவேண்டும். இருந்தாலும் கையில் வைத்துக்கொள்ளத் தக்கது.

எல்லாவற்றையும்விட எளிய மருந்து கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1974இல் எழுதியதில் இருக்கிறது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடியாக நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். அவர் பார்த்தது அறிவியல் வகுப்புகளை. வேற்று மொழியில் வாக்கியம் கோக்கவேண்டிய பிள்ளைக்கு அந்த மூன்று நொடியின் மதிப்பு இன்னும் பெரிது. புது ஆசிரியர் அந்த மௌனத்தைத் தன் தோல்வியாக எடுத்துக்கொண்டு அவசர அவசரமாகத் தானே பேசி நிரப்புகிறார். பேசப் பயப்படுபவர் ஏன் அவ்வளவு பேசவேண்டும்?

மௌனத்துக்கு எப்போதும் ஆசிரியரே காரணமும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, அங்கே புழங்கிய அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் மாணவர்கள் கிறுக்கிவைத்திருந்தவற்றை ஆராய்ந்தார். வகுப்பில் அடக்கமாக உட்கார்ந்திருந்தவர்கள் ஓரத்தில் வேறு ஓர் உலகத்தையே எழுதி, வரைந்து வைத்திருந்தார்கள். பாடநூல் காட்டிய வாழ்க்கைக்கும் தங்கள் வாழ்க்கைக்கும் இருந்த தூரத்தோடு அவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சரின் உச்சரிப்பைப் பற்றி அந்த ஓரங்களில் கவலைப்பட அவர்களுக்கு நேரம் ஏது?

தமிழ்நாட்டில் 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வரத் தொடங்கியபிறகு இந்த நடுக்கம் ஆங்கில ஆசிரியரின் தனிச்சொத்தாக இல்லை. தமிழ் வழியில் படித்துவந்த அறிவியல் ஆசிரியரும் ஒளிச்சேர்க்கையை ஆங்கிலத்தில் விளக்கக் கிளம்பியிருக்கிறார். போகிற வழியில் ஆங்கில டீச்சரிடம்தான் ஒரு வாக்கியத்தைச் சரிபார்க்கிறார். ஆகவே இதைத் தனிநபர் தைரியமாகப் பார்ப்பதை விட்டுப் பள்ளி ஏற்பாடாகப் பார்க்கவேண்டும். செலவில்லாத காரியங்களே போதும். மற்றவர்கள் கை கழுவிய பிரிவைப் புதியவர் தலையில் கட்டும் வழக்கத்தை நிறுத்தலாம். முதல் இரண்டு மூன்று நாள் இன்னொரு ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் அவரை உட்காரவைக்கலாம். தேர்ந்த ஆசிரியரும் 'என்' எழுத்தில் தடுமாறி, பிள்ளைகளையே அகராதி பார்க்கச் சொல்வதை அவர் பார்க்கட்டும். முதல் மாதம் வகுப்பைப் பார்வையிட யாரும் நோட்டோடு போகவேண்டாம். காலை வழிபாட்டில் ஆங்கிலச் செய்தி வாசிக்கும் மைக்கையும் அதுவரை வேறு யாராவது பிடித்துக்கொள்ளலாம்.